ஊறுகாய் பாட்டிலில் ஒரு புகார்

அக்கா,

உங்கள் ஊறுகாய் பாட்டில் என் மேசைமேல் இருக்கிறது. உள்ளே இருப்பது ஊறுகாய் இல்லை, தண்ணீர். மூடியைச் சுற்றி நீங்கள் ஒட்டிய பிளாஸ்திரி மஞ்சளாகிவிட்டது. அதன்மேல் பேனாவால் 'குழா தண்ணி' என்று நீங்கள் எழுதியது இன்னும் தெரிகிறது. பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் இருந்ததில் அழுக்கெல்லாம் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது. நம் தெருவில் யாரும் மனுக் கொடுக்காமல் தானாகவே சரியானது இது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து ஈஜிபுரா வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம். பாட்டிலோடு ஒரு செய்தியும் சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். உங்களுக்கு அது செய்தி இல்லை, எனக்குத்தான்.

அந்தக் கட்டடத்தில் நான் மாடியில் இருந்தேன். நீங்களும் உங்கள் மகள் ரேவதியும் கீழே. நீங்கள் குடிவந்த காலத்தில் உங்கள் வாசல் தெருவைவிட ஒரு படி உயரமாம். தேர்தலுக்குத் தேர்தல் பழைய தார்மேலேயே புதுத் தார் போட்டதில் தெரு வளர்ந்துகொண்டே போனது. நான் வந்தபோது உங்கள் வீட்டுக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. "வீடு அங்கயேதான் சார் இருக்குது. ரோடுதான் முன்னுக்கு வந்துடுச்சு" என்பீர்கள்.

தெருக்கோடியில் மழைநீர்க் கால்வாய். மழைநீர் வருஷத்தில் சில நாள்தான் அதில் ஓடும். மற்ற நாளெல்லாம் ஊரின் சாக்கடை ஓடும். பெருமழை வந்தால் கால்வாய் நிரம்பி, பள்ளமான இடம் எது என்று விசாரித்துக்கொண்டு நேராக உங்கள் முன்னறைக்கு வரும். அந்த முன்னறைதான் உங்கள் இட்லிக் கடை. துணி ஆலைக்குப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சமைக்கத் தெரியாத நான், எல்லாரும் காலையில் அங்கேதான் நிற்போம். வெள்ளத்தை நீங்கள் பெரிதுபடுத்தியதில்லை. இட்லிக் கொப்பரையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு, வாளியால் இறைத்து, பினாயில் ஊற்றிக் கழுவி, "விருந்தாளிங்க போய்ட்டாங்க, உள்ள வாங்க" என்பீர்கள்.

குழாய்த் தண்ணீர் நாறத் தொடங்கியபோதுதான் நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள். குடிநீர்க் குழாய் அந்தக் கால்வாய்க்குள்ளேயே படுத்துப் போகிறது, எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். கொதிக்கவைத்தால் போதும் என்றார் வீட்டுக்காரர். அவர் வசதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தார். நீங்கள் அன்றைக்கு அரிசி ஊறப்போடவில்லை. "என்னாலயே வாய்ல வெக்க முடியல. இத ஊத்தி மாவு ஆட்டி ஊரான் புள்ளைங்களுக்குப் போடட்டுமா?" கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்கு வந்தீர்கள்.

"சார், நீங்க லெட்டர் எழுதற வேலதானே? தண்ணி ஆபீசுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. குழா சரியாவாம நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன்."

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதப் பிரிவில் இருந்தேன். இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று மரியாதையாக எழுதுவது என் வேலை. மறுத்தே எழுதிப் பழகியவனுக்குக் கேட்டு எழுத முதல் வாய்ப்பு. மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். நாகரிகங்கள் ஆற்றங்கரையில் தோன்றின என்று ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஈஜிபுராவை வந்தடைந்தேன். உங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முகவாயில் கைவைத்துக் கேட்டீர்கள்.

"சார், இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா?"

"ஏன் அக்கா?"

"'விரும்பத்தகாத மணம்'னு போட்டிருக்கீங்க. நாத்தம்னு எழுதுங்க சார். குழா தண்ணி நாறுது. ஒரு வரி போதும். மூக்கு இருக்கிறவனுக்குப் புரியும்."

நான் மாற்றவில்லை. வாக்கியத்தின் ஓசை கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். கால்வாய் ஓர் அலுவலகத்துக்குச் சொந்தம், குழாய் இன்னோர் அலுவலகத்துக்கு. கால்வாய்க்குள் இருக்கும் குழாயை இருவரும் ஒருவருக்கொருவர் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் ஓர் இளம் கன்னடப் பொறியாளர் அகப்பட்டார். நான் மனுவை நீட்டினேன். நீங்கள் பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

"பேடம்மா, பேடா! மூடு, மூடு!"

"நீங்க மூக்குக்கே வேணாங்கறீங்க சார். நாங்க வாய்க்கு வெச்சுக்கறோம்."

அவர் என் மனுவைத்தான் வாங்கிக்கொண்டார். நகலில் ஊதா மையில் முத்திரை குத்தித் தந்தார். அந்த முத்திரையைப் பார்த்ததும் பாதிக் குழாய் மாறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம், நீங்கள் ஒரு சாவுக்குக் கிருஷ்ணகிரி போயிருந்த நாளில், அந்தப் பொறியாளர் ஒரு நீளப் பதிவேட்டோடு வந்தார். கூட வந்த ஆள் கால்வாய்க் கரையில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான். பொறியாளர் மாடியேறி வந்து உட்கார்ந்தார்.

"உங்க லெட்டர் பிரமாதம் சார். ஆபீஸ்ல எல்லார்க்கும் ஓதிக் காட்டினேன். என்னா இங்கிலீஷு!"

நான் காபி போட எழுந்தேன்.

"காபி எந்தத் தண்ணி சார்?"

"பயப்படாதீங்க, போர் தண்ணி. குடத்துல வாங்கறது."

நிம்மதியாகக் குடித்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி, கையெழுத்துக் கேட்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "இல்லி ஒரு சைன் மாடி சார். பழைய கம்ப்ளைண்ட் க்ளோஸ் ஆனாத்தான் பைப் மாத்த புது எஸ்டிமேட் போட ஆகும்."

கட்டத்தின் தலைப்பில் கன்னடத்தில் 'குறை தீர்ந்தது, திருப்தி' என்று இருந்தது. கன்னடம் எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். தவிர, இப்படிக் கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. கோப்பு மூடினால்தான் அடுத்த காரியம் நடக்கும் என்று எத்தனையோ விதவைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். அடுத்த காரியம் என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் 'பிரமாதம்' இன்னும் காதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போலத் தமிழில், கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து.

நீங்கள் ஊரிலிருந்து திரும்பினீர்கள். நான் சொல்லவில்லை. புது எஸ்டிமேட் வந்ததும் நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மறுநாள் நீங்கள் மட்டும் பாட்டிலோடு அலுவலகம் போனீர்கள். வந்ததும் படியிலிருந்து கேட்டேன்.

"என்ன சொன்னாங்க அக்கா?"

என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "பைல் நடக்குதாம் சார்."

அதற்குப் பிறகு நீங்கள் என்னை மனு எழுதச் சொல்லவே இல்லை. அலுத்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆறுதலாகவும் இருந்தது.

கொப்பரை கவிழ்ந்தே கிடந்தது. நீங்கள் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனீர்கள். அந்த மார்ச்சில் ரேவதியின் கண் மஞ்சளானது. குடிக்க வாங்கிய தண்ணீர்தான், ஆனால் வாய் கொப்பளித்தது குழாயில். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த நாளெல்லாம் அவள் கட்டிலில் கிடந்தாள். நான் தினமும் இளநீர் வாங்கிக்கொண்டு இரண்டு படி இறங்கினேன். சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் ஒருநாளும் எடுத்துக்கொண்டு இறங்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். கால்வாய்க்குள் இருந்த குழாயை வெட்டி எறிந்துவிட்டு, கால்வாய்க்கு மேலாகப் புது இரும்புக் குழாய் கொண்டுபோனார்கள். தெருவே கூடி நின்றது. என் மூன்று பக்கத்தின் வேலை இது என்று டீக்கடையில் நான்தான் முதலில் சொன்னேன். மறுநாள் காலை கொப்பரை ஏறியது. முதல் தட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

"உங்க எழுத்து சும்மாவா சார்!"

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இட்லியையும்தான். ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரிவு விழாவில்கூட, ஒரு கடிதம் ஒரு தெருவின் தண்ணீரை மாற்றிய கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இப்போது ரேவதி சொன்ன செய்தி. ஒரு வருஷம் தாமதமாகப் பத்தாவது முடித்தவள், இன்று வைட்ஃபீல்டில் வேலை பார்க்கிறாள். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"அம்மா அன்னைக்கே பாத்துட்டாங்க அங்கிள், உங்க கையெழுத்த."

நீங்கள் தனியாகப் போன அன்று, புகார் தீர்ந்துவிட்டது என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். பக்கம் முழுக்கக் கன்னடமும் ஆங்கிலமும். நடுவில் ஒரே ஒரு தமிழ்க் கையெழுத்து, வாலோடு. நீங்கள் அசரவில்லையாம். "அது மாடி வீட்டுக் கையெழுத்து சார். அவருக்குச் சரியாயிருக்கும். கீழ்வீட்ல இன்னும் நாறுது. புதுசா எழுதிக்கங்க." பொறியாளர் உங்கள் வாயால் கேட்டு ஒரு வரி எழுதிக்கொண்டார். நீங்கள் எழுத்துக் கூட்டி உங்கள் பெயரைப் போட்டீர்கள். அதன்பின் எட்டு மாதமும் வாராவாரம் அந்தப் பாட்டிலோடு போய் நின்றிருக்கிறீர்கள். ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்ன நாட்கள் அவை. ரேஷன் கடையில் இவ்வளவு கூட்டமா என்று நான் வியந்திருக்கிறேன்.

"சார்கிட்ட ஏம்மா கேக்கலன்னு நான் சண்ட போட்டேன் அங்கிள். 'பாவம், தெரியாமப் போட்டுட்டாரு. கேட்டா மன்னிப்புன்னு மூணு பக்கம் எழுதுவாரு'ன்னாங்க."

சொல்லிவிட்டு ரேவதி சிரித்தாள். நானும் சிரித்து, அவளைப் படிவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பாட்டிலைத் திறக்கவில்லை. யாராவது என் எழுத்தைப் புகழ்ந்தால் உடனே கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் இதுவும் மூன்று பக்கத்தைத் தாண்டிவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டியிருந்தது ஒரு வரி. அதை இப்போதுதான் ஓசை பார்க்காமல் எழுதுகிறேன்.

அக்கா, தெரிந்துதான் போட்டேன்.