தம்பி பானை

நேற்றுக் கொதிக்கவைத்து மூடியிருந்த பானையை இன்று காலை திறந்தேன். இஞ்சியும் கறுவாவும் கராம்பும் அந்தச் சிவப்புப் புளிப்பில் ஊறி எழுந்த மணத்தில் உன் முகம் வந்தது, சிநேகிதி. முன்பெல்லாம் அது சந்தோஷமாக வரும்.

டிரினிடாட்டில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு நீ ஊர் திரும்பியபோது, கைக்குட்டையில் முடிந்து சோரல் விதை கொண்டுவந்தாய். உங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், றப்பர் மர நிழல் படாத ஒரு துண்டில் விதைத்தோம். "இது நம்ம புளிச்சக்கீரை மாதிரியில்ல இருக்கு" என்று உன் அம்மா ஏமாற்றமாகச் சொன்னார். அங்கே இந்தக் காயின் சிவப்பு இதழைக் கொதிக்கவைத்த பானம் இல்லாமல் கிறிஸ்மஸ், நம்ம நத்தார், இல்லவே இல்லை என்றாய். நான் நம்பவில்லை. குடித்த பிறகு நம்பினேன்.

மறுநாள் வடித்துச் சீனி கலந்ததும் அங்கே ரம் ஊற்றுவார்களாம். நீ சாராயம் ஊற்றினாய். "சாராயம் இல்லாட்டி இது வெறும் சர்பத்து, புள்ள" என்பாய். ஆனாலும் ஒவ்வொரு நத்தாருக்கும் இரண்டு பானை வைத்தாய். சாராயம் சேராதது பிள்ளைகளுக்கும் எனக்கும் என் தம்பிக்கும். அதற்குத் தம்பி பானை என்று நீதான் பெயர் வைத்தாய். எங்கள் அப்பா குடித்தே செத்தவர். தம்பி குடியை விட்டு, றப்பர் பெக்டரியில் மறுபடி சேர்ந்திருந்தான். ஒரு வாய் உள்ளே போனால் அவன் நிற்கமாட்டான் என்பது எனக்குத் தெரிந்த அளவு உனக்கும் தெரியும்.

ஒரு நத்தாரன்று நீயே உள்ளே போய் அவனுக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்தாய். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். "பாத்தியா ஒன் தம்பிய, சர்பத்துக்கே சொக்கிப் போறான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும்.

தைப்பொங்கலுக்குள் அவன் பழையபடி ஆனான். வேலை போனது. கண் மஞ்சளாகிக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தெஹியோவிட்டயில் என்னோடு பஸ் ஏறியவள் நீதான். அவனுக்குச் சோறு கட்டி வந்தாய். "எந்தப் பாவி ஊத்திக் குடுத்தானோ" என்று நான் புலம்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாய். உனக்கும் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

போன வருடம் நீ திடீரென்று போய்விட்டாய். யார் முன்னும் அழாத நான் உன் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுததை லயமே பார்த்தது.

போன கிழமை காய் பறிக்கத் தம்பி வந்தான். இப்போது மறுபடி குடிப்பதில்லை.

"நீ சாராயம் ஊத்த மாட்டதானே, அக்கா? அந்தக்கா அந்த நத்தாரன்னைக்கு மத்த பானையிலதானே எனக்கு மோந்து குடுத்தாங்க."

"தெரியாம மாத்தி மோந்திருப்பா."

"இல்லக்கா. மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு. அவங்களப் பாத்தேன். 'நல்ல நாளும் அதுவுமா சின்னப் புள்ளைங்களோட ஒக்காந்திருக்க, பாவமா இருக்குடா. ஒங்கக்காகிட்ட சொல்லிறாத'ன்னு காதுல சொன்னாங்க. நானும் பேசாம குடிச்சிட்டேன்."

பாவமாக இருந்ததாம். இருந்திருக்கலாம். நீ கெட்டவள் இல்லை; அதனால் எனக்கு எதுவும் லேசாகவில்லை. அவன் குடித்தது அவன் பிழை, அதை அவனோடு பேசித் தீர்த்துக்கொள்வேன். உன்னோடு எப்படித் தீர்ப்பது? அந்தச் சோற்றுப் பார்சல்களை அன்பால் கட்டினாயா, பயத்தாலா? உயிரோடு இருக்கும்போது நீயே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு மன்னித்தும் இருப்பேன். அதற்கும் நீ இடம் வைக்கவில்லை. உனக்காக அழுத அழுகையைக்கூட இப்போது திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

இந்த வருடம் ஒரே பானைதான். நானே உரித்து, நானே கொதிக்கவைத்தது. வீட்டில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. ஆனாலும் தம்பியின் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் நீட்டினேன்.

"இனி எப்பவும் இப்பிடித்தானா, அக்கா?"

"ஆமா" என்றேன்.