பதினோரு மணி அலாரம்

ஜூன் 7, வெள்ளி

பதினேழாவது பேட்டியை எழுத்தில் இறக்கி முடித்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேர வேலை. அந்தப் பெண் அழுத இடத்தில் எவ்வளவு நேரம் அழுதாள் என்றுகூடக் குறிக்க வேண்டும். "அழுகை, நாற்பது நொடி." இந்த முனைவர் பட்டம் முடிவதற்குள் காது பாம்புக்காது ஆகிவிடும், இடுப்புதான் இருக்குமா தெரியவில்லை.

பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையைப் பறிகொடுத்த பெண்கள் எப்படி வேலைக்குத் திரும்பினார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. இருபத்திரண்டு பேர். இன்னும் ஐந்து பேட்டி பாக்கி.

மாலையில் வெள்ளித் தாள் கொடுக்கப் போனேன். பயிற்சியில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுத வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி அல்ல. அவர்களோடு உட்கார்ந்திருந்தபோது நமக்குள் என்ன கிளம்பியது என்று. என் வழிகாட்டி மேடம் படிப்பார், சிவப்புப் பேனாவால் கோடு போடுவார், அவரவர் பச்சைக் கோப்பில் வைத்து இரும்பு பீரோவில் பூட்டுவார். "உள்ள போனது வெளிய வராது" என்பார்.

என் முதல் வெள்ளித் தாள் அக்காவைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுத்தான், "இதுதான் உன்னோட ஆராய்ச்சி" என்றார். அன்று சந்தோஷத்தில் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

இன்று ஐம்பதாவது நிமிடத்தில் எழுந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே ஐம்பது நிமிஷம்.

ஜூன் 11, செவ்வாய்

நான்காம் அத்தியாயம் ஓடுகிறது. அதன் உயிரே நடத்துநர் அம்மாதான். பஸ் கண்டக்டர். குழந்தை போய் மூன்று மாதத்தில் வேலைக்கு வந்தவர், டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டில் யாரையும் உட்கார விட்டதில்லை. தன் பையை வைத்துவிடுவார். கேட்டால், சீட்டு உடைந்திருக்கிறது என்பார். ஏழு வருடமாக.

எழுதும்போது அவரை ரயில் டிக்கெட் பரிசோதகராக மாற்றிவிட்டேன். வயதையும் ஊரையும் மாற்றினேன். மேடம் சொல்லிக்கொடுத்த விதி: மூன்றை மாற்று, ஒன்றை விட்டுவிடு. அந்த ஒன்றில்தான் ஆளின் வலி இருக்கிறது, அதையும் மாற்றினால் செத்த எழுத்து. சீட்டை விட்டுவிட்டேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னால் திமிரா?

ஜூன் 14, வெள்ளி

தாள் கொடுத்தாச்சு. அக்கா கத்தரிக்காய் கருக்கிவிட்டு, "இன்னிக்கு சமையல்ல உன் பங்கு என்ன, வாய் மட்டும்தானா?" என்றாள். வாய் மட்டும்தான்.

ஜூன் 22, சனி

எழுதவா வேண்டாமா?

அக்கா பள்ளிக்கூட வேலையில் இருப்பவள். ஏழாம் வகுப்புக்கு அறிவியல். இன்று ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி. மதியம் மூன்றுக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

"உங்க மேடம்தான் இன்னிக்கு பேச வந்தாங்க."

"அப்படியா! சொல்லவே இல்லையே. எப்படிப் பேசினாங்க?" என்று நான் பல்லைக் காட்டினேன்.

"நல்லா பேசினாங்க. ஒரு பேங்க் கிளார்க் பத்தி சொன்னாங்க. பொறந்து பத்தொன்பது நாள்ல குழந்தை போயிடுச்சாம். அதுக்கப்புறம் பதினாலு மாசம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன்ல அலாரம் வச்சிருந்தாளாம், பால் குடுக்கற நேரத்துக்கு. பதினோரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் கவுன்டர விட்டு எழுந்து வெளிய போய் நின்னுட்டு வருவாளாம்."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"கணக்கு டீச்சர் பக்கத்துல உக்காந்திருந்தா. பதினோரு மணிக்கு என் கிளாஸ அவதான் பாத்துப்பா அப்பல்லாம். தலைவலி, மாத்திரைன்னு ஏதாவது சொல்லிட்டுப் போவேன். மெதுவா திரும்பி என்னப் பாத்தா. அப்புறம் தமிழ் டீச்சர் பாத்தா. அப்புறம் யாருமே பாக்கல. அதுதான்டி தாங்க முடியல, அத்தன பேரும் நேரா மேடையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"அந்த அலாரம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்க அத்தானுக்கே தெரியாது, அப்ப அவர் வெளியூர் வேலைல இருந்தார். அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டி வைப்பார்கள் என்று சொன்னேன், மேடம் வாக்குக் கொடுத்தார் என்று சொன்னேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்க குடுத்தாங்க சரி. எனக்கு நீ குடுக்கலையா?"

ஜூன் 23, ஞாயிறு

அக்கா பேசுகிறாள். தண்ணி வந்துடுச்சா, மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ. அவ்வளவுதான். அத்தான் என்னவென்று கேட்டதற்கு, தலைவலி என்றாள். மறுபடியும் அதே தலைவலி.

நேற்று முழுக்க மேடத்தைத் திட்டினேன். இன்று திட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகிறது. நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டால் பரவாயில்லையே, கெட்டது அக்கா.

ஜூன் 24, திங்கள்

காலையில் புறநோயாளிப் பிரிவில் நான்கு பேரைப் பார்த்தேன். நான்கு பேரிடமும், "இங்க சொல்றது இந்த ரூம விட்டுப் போகாது" என்று சொன்னேன். வழக்கமாகச் சொல்வதுதான். நான்காவது ஆளிடம் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. அவரே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு மேடம்.

"பேர் சொன்னேனா? வயசு, வேலை, ஊர் மூணையும் மாத்திட்டேன். சேரும்போது நீ ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்க, பயிற்சிக் குறிப்புகள கற்பிக்கப் பயன்படுத்தலாம்னு."

"நான் போட்டேன் மேடம். எங்க அக்கா போடலையே."

"உங்க அக்கா என்கிட்ட வந்த கேஸ் இல்லம்மா. எழுதினது நீ. நான் படிச்சேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் மேல் அக்கறை இருப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சொன்னார், நோயாளிகளிடம் எப்படிச் சாய்க்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே கோணத்தில். "இந்தக் கோபத்த இந்த வார வெள்ளித் தாள்ல எழுதேன்" என்றார்.

பாவி! அதையும் கேட்கிறாள்!

மேடம் என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

ஜூன் 26, புதன்

முயலிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்தவன், பயந்தால் மூக்கு துடிக்கும், அதனால் முயல். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எங்கப்பா குடிச்சிட்டு என் ஹால் டிக்கெட்ட கிழிச்சது மூணு காலேஜ்ல மேடம் பேச்சுல வந்துடுச்சு. போன வருஷமே."

"தெரிஞ்சுமா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? உனக்கும் தீசிஸ்ல அவங்க கையெழுத்து வேணும், எனக்கும் வேணும்."

துறைத் தலைவரிடம் இரண்டு பேருமாகப் போவோம் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். நாளை பதினொன்றரை.

ஜூன் 27, வியாழன்

தனியாகத்தான் போனேன். முயலுக்குக் காய்ச்சலாம். பன்னிரண்டு மணிக்கு அந்தக் காய்ச்சல் கேண்டீனில் உட்கார்ந்து வடை தின்றதைப் பார்த்தேன். மூக்கு துடித்தது. எனக்கும் அவன்மேல் முழுதாகக் கோபம் வரவில்லை, அதுவே எரிச்சலாக இருக்கிறது.

தலைவர் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத்துல குடுங்க" என்றார். மறுபடி எழுத்து!

ஜூலை 2, செவ்வாய்

வெள்ளித் தாள் கொடுக்காமல் ஒரு வாரம் ஓடிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நான்காம் அத்தியாயத்தைப் பிழை திருத்த எடுத்தேன். எட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

ரயில் டிக்கெட் பரிசோதகர், வயது நாற்பத்தொன்று, வேறு ஊர், ஒரு சீட்டு.

நான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்?

இதை அந்த டிப்போவில் ஒருவர் படித்தால் போதும். வருடத்துக்கு நான்கு பேர்கூட ஆய்வேட்டைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். அக்காவின் கதையையும் பீரோவில் பூட்டுவதற்கு முன் மேடம் ஒருவர்தானே படித்தார்? அவர் பிடுங்கியது என் தாளை. நானோ டேப் ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து, பேப்பர் நாப்கின் நீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பேட்டி முடிந்து பஸ் ஏறியதும், நல்ல பேட்டி கிடைத்தது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். தேதி போட்டு.

ஜூலை 13, சனி

நடத்துநர் அம்மாவை டிப்போ கேண்டீனில் பார்த்தேன். அவரைப் பற்றிய இரண்டரைப் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். ரயில் என்று வந்த இடத்தில் மட்டும் சிரித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க பாப்பா. ஆனா எடுத்துடுங்க."

யார் படிக்கப்போகிறார்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"டிப்போல எல்லாருக்கும் தெரியும், அந்த சீட்டு ஒடையலன்னு" என்றார். "டிரைவருங்களுக்குத் தெரியும், செக்கிங்குக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க. அதனாலதான் என்னால வேலைக்கு வர முடியுது. நீங்க எழுதிட்டீங்கன்னா, அவங்க எப்படி தெரியாத மாதிரி இருப்பாங்க?"

எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தின் ஆறாவது வரியில் அச்சடித்திருக்கிறோம். நான்கு வருடத்தில் அதை ஒருவர் பயன்படுத்தி இன்றுதான் பார்க்கிறேன். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

ஜூலை 15, திங்கள்

"அந்த அம்மாவ எடுத்தா அத்தியாயமே இல்ல" என்றார் மேடம். "ஒரு வருஷம் தள்ளிப்போகும். உணர்ச்சிவசப்படாத."

மீதிப் பேரிடமும் படித்துக் காட்டப்போகிறேன் என்றேன். அப்படியானால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்றார். சரி என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

இருபதாவது நிமிடத்திலேயே எழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வழிகாட்டி மாற்றக் கடிதம் வந்தது. உதவித்தொகை நின்றுவிடும். புது சார் எலியை வைத்து ஞாபகசக்தி ஆராய்பவர். "எலிகிட்ட இந்தப் பிரச்சனை எல்லாம் இல்லம்மா" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பேட்டி எடுத்த பதினேழு பேரில் படித்துக் காட்டியது பதினான்கு பேருக்கு. இருக்கட்டும் என்றவர்கள் ஒன்பது. ஒருவர் தன் உண்மைப் பெயரையே போடச் சொல்லி அடம்பிடிக்கிறார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அலுவலக உதவியாளர் என் பச்சைக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினார்.

முதல் தாளை எடுத்தேன். அலாரம் வரும் வரிக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு. ஓரத்தில் மேடத்தின் கையெழுத்து: "அருமை. மேடைக்கு உதவும்." நான் தாள் கொடுத்த அதே தேதி.

அதே நாள்! இதுதான் உன் ஆராய்ச்சி என்று தோளைத் தட்டினாரே, அந்த நாள்! நான் என்ன பாடுபடுகிறேன் என்று அவர் கேட்ட நாள், நான் அழுத நாள். அழ அழ எனக்கு டப்பாவிலிருந்து ஒவ்வொரு நாப்கினாக எடுத்துக் கொடுத்தாங்களே. கோடு போட்டது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நாலு வருஷமா எங்க அம்மாவவிட அவங்களத்தானே நம்பினேன்.

நெஞ்சு ஆறவில்லை. எழுதினாலும் ஆறவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

அத்தான் வெளியே போயிருந்தார். அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அது அவளுடையது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நின்றபடியே படித்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"இதுல தப்பா எழுதியிருக்க."

"எது?"

"குழந்தை இறந்ததை அவள் மனம் ஏற்கவில்லைன்னு. எனக்குத் தெரியும்டி செத்துப்போச்சுன்னு. மொத நாளே தெரியும். நான் அலாரம் வச்சது அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

அக்கா தாளை நான்காக மடித்தாள். என் கையில் தராமல் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு சொல்ல மாட்டேன்."

பதினான்கு மாதம் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். ஒவ்வொரு அலாரமும் என் காதில் விழுந்தது. எதற்கு என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. நேரே எழுதப் போய்விட்டேன். மேடமும் அதே தப்பை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 27, வெள்ளி

மேடம் எதிரில் வந்தார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடந்து போனேன்.

அக்டோபர் 19, சனி

அக்கா அத்தானிடம் அலாரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது என்று. அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாராம். கழுவி வைத்திருந்த பாத்திரத்தையும் சேர்த்து. இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

மாலை மொட்டைமாடியில் துணி எடுக்க அக்காவோடு போனேன். போர்வையின் இரண்டு முனையை அவள் பிடித்தாள், இரண்டை நான். மடித்துக்கொண்டே வந்து நெருங்கியபோது கேட்டாள்.

"அந்த நோட்டு இன்னும் எழுதறியா?"

"எழுதறேன்."

"இப்ப நான் சொல்லப்போறத எழுதுவியா?"

"மாட்டேன்."

கடைசி மடிப்பையும் மடித்தாள். போர்வையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, அலாரம் எதற்கு என்று சொன்னாள்.

இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கீழே வந்து இந்த நோட்டைத் திறந்து தேதி போட்டேன். துணி எடுத்தோம், போர்வை மடித்தோம். இன்றைக்கு எழுத இவ்வளவுதான் இருக்கிறது.