அஞ்சலை மரம் நிற்கும் கரை

மாப்பிள்ளை,

சிதம்பரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இன்று காலை முகம் கழுவக் குனிந்தேன். கையில் அள்ளிய தண்ணீரில் செம்மண் கலங்கியிருந்தது. மேற்கே எங்கோ மழை. மற்றவர்கள் கொட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார்கள். நான் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். தண்ணீர் கலங்கினால் எங்கோ மண் கரைகிறது. எங்கே என்று யோசிக்காமல் எனக்கு வாய் கொப்பளிக்கக்கூட வராது. இந்தப் பழக்கம் உங்கள் கரையில் தொற்றியது.

நீங்கள் போன பிறகு எழுதுகிறேன். இருந்தபோது எழுதியிருந்தால் பிரித்தே பார்த்திருக்க மாட்டீர்கள்.

திருவந்திபுரத்துக்கு மேற்கே, செம்மண் மேட்டிலிருந்து கெடிலம் ஆற்றுக்கு இறங்கும் ஓடையை உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே மறித்து நாம் கட்டிய கரை அது. சர்க்கார் ஒரு கூடை மண்கூடக் கொடுக்கவில்லை. நான் ஏரிக்கரை வேலைகளில் மண் சுமந்து, எழுத்துக்கூட்டிப் படித்து மேஸ்திரியானவன். என் தங்கையைக் கட்டிய உங்களுக்கு நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. ஒரு கோடை முழுக்க மாட்டு வண்டிகள் மண் அடித்தன. ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, ஆடுகளை ஓட்டி மிதிக்கவிட்டு, அதற்கு மேல் திம்சுக்கட்டையால் இடித்தோம். அந்த ஐப்பசியில் தண்ணீர் ஏறி நின்றபோது நீங்கள் வேட்டியோடு உள்ளே இறங்கிவிட்டீர்கள். "மச்சான், நம்ம வூட்டுக் கடலு!" என்று கத்தினீர்கள்.

கரை முடிந்து பொங்கல் வைத்த அன்றுதான் உங்கள் மகள் அஞ்சலை ஒரு வேப்பங்கன்றைப் பிடுங்கிவந்து கரை நடுவில் நட்டாள்.

"மண்ணுக் கரையில மரம் வைக்கக் கூடாதும்மா" என்றேன்.

"அவ கையளவு செடி மச்சான். இதுக்குப் போயி சட்டம் பேசறீங்களே" என்று சிரித்தீர்கள்.

பிறகு பிடுங்கிக்கொள்ளலாம் என்று நானும் பேசாமல் இருந்தேன். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றித் தூக்கிவந்தோம்.

அதன் பிறகு அந்தக் கன்றில் யார் கைவைப்பது? மரம் வளர்ந்தது. யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். அடியில் புற்று எழும்பியது. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் பால் ஊற்றினார்கள். அஞ்சலை மரம் என்றிருந்தது அஞ்சலையம்மன் என்றாயிற்று. நீங்கள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கழனிக்குப் போகும்போது அடிமரத்தில் உள்ளங்கையை வைப்பீர்கள். அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பல வருஷம் கழித்து, மரத்துக்கு நேர் கீழே, கரையின் வெளி அடியில் ஈரம் கண்டது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வரும்வரை பயமில்லை. ஓர் அடைமழைக் காலத்தில் அது கலங்கலாக வர ஆரம்பித்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். வேர் போன வழியிலும் புற்றின் வளையிலும் தண்ணீர் பாதை கண்டுவிட்டது. உங்கள் ஆட்கள் ஒழுகும் பானையை அடைப்பதுபோல வெளியிலிருந்து வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்திருந்தார்கள். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வேறு வழி தோண்டும். ஊர் முழுக்க, "மேஸ்திரிக்குப் புத்தி கெட்டுப் போச்சு, அடைச்ச ஓட்டையத் தொறந்து உடறாரு" என்று பேசினார்கள்.

கடலூரிலிருந்து ஓவர்சியர் ஒருவரைக் கையோடு அழைத்துவந்தேன். நல்ல மனிதர். குனிந்து பார்த்தார். "நீங்க சொல்றது வாஸ்தவம் பெரியவரே. ஆனா இது பட்டாக் கரை. சொந்தக்காரரு மனசு வெச்சாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். அதுதான் எனக்கு ஆறவில்லை. கரை ஒருவருக்குச் சொந்தம். அது உடைந்தால் வருகிற தண்ணீர் யாருக்குச் சொந்தம்? கீழே உங்கள் கரும்பில் வேலை செய்தவர்களின் கூரை வீடுகள் ஓடையோரமாகவே இருந்தன.

உங்களிடம் வந்து சொன்னேன். கோடையில் ஏரி வற்றியதும் மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, புற்றை உடைத்து, களிமண் போட்டு இடித்துவிட்டால் கரை நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும் என்றேன்.

"வேற எது வேணா கேளுங்க மச்சான்."

"வேற எதுவும் வேணாம். கீழ இருக்கறவங்களும் புள்ளை குட்டிக்காரங்கதான் மாப்ள."

"எம் புள்ளைய ரெண்டாந்தடவ தூக்கச் சொல்றீங்களா?"

அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேசுவான்? நான் பேசினேன். தங்கை இலை போட்டுவிட்டிருந்தாள். உட்காராமல் எழுந்து வந்தேன். அத்தனை கோபத்திலும் உங்களை ஒருமையில் அழைக்கவில்லை. அதையாவது நினைவு வைத்திருந்தீர்களா தெரியாது.

தங்கை தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். "அவ அந்த மரத்துல இல்லண்ணே. அது எனக்குத் தெரியும். அவரு கிட்ட மட்டும் அதச் சொல்லிடாத" என்றாள். சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கீழே போய் வீடு வீடாக, மழை முடியும்வரை மேட்டுக்குப் போய் இருங்கள் என்றேன். கடைசி வீட்டு அம்சா இடுப்பில் குடத்தோடு நின்று சிரித்தாள். "தெனம் நாங்கதான் தண்ணியத் தேடிப் போறோம் மேஸ்திரி. ஒரு தடவையாச்சும் அது எங்க வூட்டத் தேடி வரட்டுமே!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாசலில் பிள்ளைகள் சேற்றில் அணை கட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. கலிங்கில் மிச்சத் தண்ணீர் வழிந்தது. விடிந்ததும் கரைக்கு வந்தேன். கசிவு சிவப்பாகக் குமிழிட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்பே நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள், தோளில் மண்வெட்டியோடு, கூட நாலைந்து ஆட்களோடு. ஒருவரையொருவர் பார்த்தோம். மரத்தைத் தாண்டிப் போனீர்கள். கரையின் வடகோடியில், பாறை தலைகாட்டும் இடத்தில், கலிங்குக்கு அடுத்து முதல் வெட்டு வெட்டினீர்கள். அங்கிருந்து போகும் தண்ணீர் வீடுகளை ஒட்டாமல் பாறை மேல் சுற்றிக்கொண்டு ஓடையில் சேரும். அந்த இடத்தைக் கரை கட்டும்போது நான்தான் உங்களுக்குக் காட்டியிருந்தேன்.

நானும் மண்வெட்டி எடுத்தேன். ஒரேயடியாகத் திறக்காமல், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏரித் தண்ணீரை இறக்கினோம். கரும்பு ஆலைக்குப் போக வேண்டிய வருஷம் அது. நெஞ்சு உயரம் வளர்ந்து நின்றது. இந்த ஏரியை விட்டால் அதற்கு வேறு தண்ணீர் கிடையாது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மரத்தக் கேட்டீங்க மச்சான். தண்ணியக் குடுத்துட்டேன். போதுமா?" என்றீர்கள்.

"போதும்" என்றேன். போதவில்லை, மாப்பிள்ளை. நான் கரையைக் காப்பாற்றத்தான் கேட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

கரும்பு காய்ந்தது. மறு வருஷம் நீங்கள் மழையை நம்பி மல்லாட்டைக் கடலை விதைத்தீர்கள். எனக்கு 'ஏரியக் குடிச்சவரு' என்று பேர் வந்தது. திருவந்திபுரம் கோயில் வாசலிலேயே, "வர்றாருடா, சொம்ப உள்ள எடுத்து வை" என்பார்கள். உடைந்த கரையை நாலு ஊர் வந்து பார்க்கும். உடையாமல் தடுத்ததை யார் பார்ப்பது? கீழே எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எரிகிற அடுப்பைக் காட்டி என் பக்கம் நியாயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணங்களில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் மகன் சிதம்பரம் வந்தான். வெட்டின இடத்தை அடைத்து மறுபடி தண்ணீர் தேக்கப் போகிறானாம்.

"அந்த மரம்?" என்றேன்.

"அதுவா? வெட்டிடலாம் மாமா. நீங்க சொன்னதுதானே அப்பவே சரி" என்றான்.

இத்தனை வருஷம் நான் காத்திருந்த சொல். உங்கள் வீட்டு வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "கை வெச்சேன்னா என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று கத்திவிட்டேன். அவன் மிரண்டு போய், "அப்ப மரத்த உட்டுட்டுக் கரைய மட்டும் அடைக்கறேன் மாமா" என்றான். "அதுவும் கூடாது. நான் இருக்கற வரைக்கும் ஒரு கூடை மண்ணு போட உட மாட்டேன்" என்றேன். கிழவனுக்கு என்னதான் வேண்டும் என்று என் மருமகளைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மரமும் நிற்க வேண்டும், அந்த வீடுகளும் நிற்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. நீங்கள் ஒரு காலையில், மண்வெட்டியாலேயே செய்து முடித்தீர்கள். இனி அந்த வெட்டுவாயை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆனால் வேரைப் பற்றி நான் சொன்னது சரிதான், மாப்பிள்ளை. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.