அம்மாவின் பிலிமும் பழைய ஹைப்போவும்

பள்ளத்தூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்தது, காய்ச்சல் இல்லை, கஞ்சி குடிக்கிறாள். நலமில்லாதவன் நான்தான். போனில் சொன்னால் என் குரல் நடுங்குவதை வைத்தே நீ வேறு எதையாவது நினைத்துக்கொள்வாய் என்றுதான் இந்தக் கடிதம்.

முடி கொட்டுவதற்கு முன் அம்மாவை நீ எடுத்த கறுப்பு வெள்ளை பிலிமை, விமான நிலைய எக்ஸ்ரேயில் கெட்டுவிடும் என்று என்னிடம் விட்டுப் போனாய் அல்லவா, அதைச் செவ்வாய்க்கிழமை கழுவினேன். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் வரை எல்லாம் ஒழுங்கு. அடுத்தது படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. வீட்டில் இரண்டு கேன், ஒன்றில் புதிதாகக் கரைத்தது, மற்றதில் நம் ஸ்டுடியோவை மூடியபோது, கரைந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவருக்குக் கொடுக்கலாம் என்று தூக்கி வந்த, பயன்படுத்தித் தீர்ந்த பழசு. பெயர் எழுதி ஒட்டவில்லை, முப்பது வருஷம் இருட்டில் வேலை பார்த்தவனுக்கு மூக்கு போதாதா என்ற திமிர். அந்த மூக்கு எடுத்துக் கொடுத்தது பழசை. ஹைப்போ வேலை செய்கிறதா என்று துண்டு பிலிமை முதலில் போட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டேன். கழுவும் டப்பாவைத் திறந்தால் சுருள் முழுக்க மோர் ஊற்றியதுபோல் வெளுப்பு, அம்மா முகம் எங்கே என்றே தெரியவில்லை. இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளலாம் என்கிற படமா அது? பின்கட்டிலிருந்து அம்மா, "என்ன சத்தத்தையே காணோம், நான் அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்?" என்றாள். மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். "ஊரு கல்யாணமெல்லாம் கழுவினீக, சொந்தப் பொண்டாட்டியத்தான் மோருக்குள்ள முக்கிட்டீகளாக்கும். புதுசை ஊத்திப் பாருங்க" என்றாள்.

புது ஹைப்போவில் பத்து நிமிஷம் போட்டதும் வெளுப்பு கரைந்து முகம் தெளிந்தது. அடுத்த பயம் அலசுவதில். மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடுகிறது, அந்தச் சூட்டில் பிலிமின் மேல்பூச்சு இளகிவிடும். பானைத் தண்ணீரை மாற்றி மாற்றி அரை மணி நேரம் அலசினேன், தலையில் துண்டோடு அம்மா கடிகாரம் பார்த்தாள். கடைசி மூன்று படங்களில் மட்டும் கறை நின்றுவிட்டது, திட்டுவதாக இருந்தால் திட்டு. காய்ந்ததும் ஆறு ஆறாக வெட்டிக் காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி, வெயில் படாத நடு அறையில் வைத்திருக்கிறேன். பீரோவில் அந்துருண்டை கிடக்கிறது, அது ஆகாது. நீயும் உன் நெகட்டிவ்களை ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவரில் வைக்காதே, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடு.

ஆனாலும் மனசு அடங்கவில்லையம்மா. ஹைப்போ துளி மிச்சமிருந்தாலும் இன்றைக்குத் தெரியாது, நாலைந்து வருஷம் கழித்துத்தான் மஞ்சளாகக் கிளம்பும். மதுரை டாக்டரும் ஐந்து வருஷம் தாண்டட்டும், பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். இந்த மஞ்சள் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "வந்தா வரட்டும், அன்னைக்கி டப்பாவைத் தொறந்து உங்களைத் திட்ட நான் இருக்கணும்ல" என்றாள். நான் தண்ணீர்ப் பானையைக் கவிழ்ப்பதுபோல் அங்குட்டுப் போய்விட்டேன்.

பதினெட்டாம் தேதி ஸ்கேன். அன்று காலை மறக்காமல் அம்மாவிடம் பேசு, என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லாதே. கொப்புடையம்மன் உங்கள் இருவருக்கும் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் அப்பா,
மாயக்கண்ணன்