சடை நாய்க்கு ஒரு ரிப்பன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் மூட்டுவலியும் பாப்பாவின் சளியும் குறைந்ததா என்று முதலில் எழுதுங்கள்.

இந்த ஆட்டுப் பண்ணையில் மந்தையை மடக்க ஒரு சடை நாய் இருக்கிறது. கண் எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு முடி. மழைக்காலத்தில் யாரும் சீவாமல் விட்டதில் கம்பளிபோலச் சிக்குப் பிடித்துவிட்டது. ஒட்ட வெட்டினால் வெயிலும் குளிரும் நேரே தோலில் ஏறும், முடி வளரும்வரை மந்தையோடு அனுப்ப முடியாது. முதலாளியம்மா மனசில்லாமல்தான் கத்தரியை எடுத்தார்.

"ஒரு நாள் எங்கிட்ட விடுங்கம்மா" என்றேன்.

பாப்பாவுக்குச் செய்வதுபோல வேர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். ஒரு தடவை கையைக் கவ்வியது. பல் படவில்லை, பயப்படாதீர்கள். சாயங்காலம் இரண்டு கண்ணும் தெரிந்தன.

"இனிமே இவன நீதான் பாத்துக்கணும், வேற யாரும் தொட வேணாம்" என்றார் முதலாளியம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அவன் மந்தையோடு போனான். நான் தனியாக நடந்தால் முழங்காலை முட்டி ஆடுகளோடு சேர்த்துவிடுகிறான்.

நீங்களும் பாப்பாவுக்கு உச்சியிலிருந்து இழுக்காதீர்கள், அழுவாள்.

கடிதத்தைக் கொண்டுபோக டவுன் வண்டி வந்துவிட்டது. அவளுடைய பழைய ரிப்பன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். நாய்க்குத்தான்.

பாப்பா அம்மா