கீழ் வீட்டுக்குப் போக இருந்த துவக்கு

மார்ச் 4, செவ்வாய்

சப்பாத்து, கூடாரம், துவக்கு எல்லாம் விற்கிற எங்கள் கடையில் இன்று உட்காரவே கிடைக்கவில்லை. கால் வீங்கிவிட்டது.

துவக்குக்குப் போடும் ரவைப் பெட்டி ஒன்றைத் திறந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்தார். ரவை விற்றால் விற்றதுதான், கடை திருப்பி எடுக்காது என்றேன். சப்பாத்து என்றால் மட்டும் எடுப்பீர்களோ என்று கத்தினார். சிரித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் ரிட்டர்ன்ஸ் மேசையில் நின்று நான் கற்றது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். மனேஜர் பிரதீப்குமார் என்னைத் துவக்குக் கவுண்டருக்கு மாற்றியதும் அதற்காகத்தானாம். "நீங்க கோவப்படவே மாட்டீங்கக்கா. அங்க அப்படி ஒரு ஆள்தான் வேணும்." கோயம்புத்தூர்க்காரர், துவக்கைத் துப்பாக்கி என்பவர். என்னைவிட இளையவர்.

வேலை பழகிவிட்டது. துவக்கை அலுமாரியில் இருந்து எடுத்தவுடன் போல்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லை என்று முதலில் நான் பார்க்க வேண்டும், பிறகு வாங்க வந்தவருக்குக் காட்ட வேண்டும். முனை எப்போதும் ஆளில்லாத பக்கம். வன்னியில் துவக்குக்காரரைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தவள் நான். இங்கே அதைத் துடைத்துக் காட்டி, "ஹாவ் எ குட் டே" சொல்லி விற்கிறேன்.

என் மனுசன் தேவராஜாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. சம்பளம் பிடித்திருக்கிறது.

மார்ச் 8, சனி

எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு நேர் கீழே இருக்கும் சுஜீதன் கடைக்கு வந்தார். கூடாரம் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நேரே என் கவுண்டருக்கு வந்து லைசென்ஸை எடுத்து வைத்தார். புதியது. படத்தில் அவர் சிரிக்கவில்லை.

"வேலையிடத்துப் பெடியளோட முயல் சுடப் போறனான் அக்கா. டப்போ பக்கம் ஒரு பண்ணைக்கு. ஒவ்வொரு முறையும் அவங்களிட்டயோ துவக்குக் கேக்கிறது?"

மூன்று துவக்குகளை எடுத்துக் காட்டினேன். மரியாதையான ஆள். சொன்ன இடத்தில் கை வைத்தார், சொன்ன பக்கம் பிடித்தார். ஒன்றைத் தெரிவு செய்தார். லைசென்ஸ் இருந்தாலும் துவக்குக்கென்று தனியாகப் பெர்மிட் எடுக்க வேண்டும், அது வர சில வாரம் செல்லும், அதுவரை கடையில்தான் இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். தெரியும் என்றார். பூட்டி வைக்க இரும்புப் பெட்டியும் வாங்கினார்.

போகும்போது, "வினுஷாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ பயந்த ஆள்" என்றார்.

வினுஷா அவருடைய மனைவி. பிள்ளைகள் பராமரிக்கும் நிலையம் ஒன்றில் வேலை. வந்து இரண்டு வருடம் இருக்கும்.

நான் "ஓம்" என்றேன். ஏன் ஓம் என்றேன்?

மார்ச் 9, ஞாயிறு

எங்களுக்குக் கீழ் வீட்டுச் சத்தம் எல்லாம் கேட்கும். கதிரை விழும். பிறகு ரீவியின் சத்தம் கூடும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததுதான் எனக்கு ஆகாது.

மார்ச் 22, சனி

காலையிலிருந்து கீழே சுவரில் துளை போடுகிறார்கள். எங்கள் குசினித் தரை அதிர்ந்தது. சுஜீதன் இரும்புப் பெட்டியைச் சுவரில் பூட்டுகிறார்.

தேவராஜாவிடம் சொன்னேன். பத்திரிகையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"லைசென்ஸ் குடுத்தது கவுண்மென்ற். நீர் ஆர் கேக்க?"

"கீழ நடக்கிறது உங்களுக்கும் கேக்குதுதானே?"

"புருசன் பெண்சாதி சண்டை. எல்லா வீட்டிலயும் இருக்கு."

எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் நல்லவர் என்று நானே சொல்லி அவருக்கு வழிவிட விருப்பமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நித்திரை வருகுதில்லை. எழுதிவிட்டால் சரியாகுமோ தெரியாது.

பின்னேரம் உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போனேன். வினுஷா அங்கே நின்றாள். காய்ந்த துவாய்களை எடுத்து மடிக்காமலே கூடைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மழை வரும் போல இருக்கு என்றேன். ஓம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, நீங்கள் அந்தக் கவுண்டரிலதானே நிக்கிறனீங்கள். துவக்குக்குள்ள ஒண்டும் இல்லையெண்டு எப்பிடிப் பாக்கிறது?"

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மா. வீட்டில வரப்போகுதெல்லே. தெரிஞ்சு வைச்சா நல்லந்தானே."

வாங்க வந்த எவரும் இப்படிக் கேட்டதில்லை. எப்படிச் சுடுவது, எவ்வளவு தூரம் போகும், பாரம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். இவள் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கிறாள்.

"வினுஷா, அவர் ஏதும் சொன்னவரோ?"

கூடையைக் கீழே வைத்தாள். "பெட்டியைச் சுவரில பூட்டின அண்டைக்குச் சொன்னவர், இனி நீ வாய் காட்டமாட்டாய் எண்டு. பகிடிக்குச் சொல்லியிருப்பார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்."

பொலிசிடம் சொல்லுவோம் என்றேன். என் கையைப் பிடித்தாள். நோகப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா. அவர்தானே என்னை ஸ்பொன்சர் பண்ணினது. பெர்மனன்ற் விசா இன்னும் வரேல்லை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அப்படி இல்லை, வீட்டில் அடித்தால் விசாவுக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது என்றேன். நம்பவில்லை. அவள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சுஜீதன் வந்துவிட்டார். பெர்மிட்டும் கையோடு.

தாளைப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. பெயர், இலக்கம், துவக்கின் வகை எல்லாம் சரி. பின்னால் போய் எடுத்து வாறன் என்றேன். களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். துவக்கு எனக்கு முன்னால்தான், அவர் பெயர் ஒட்டித் தட்டில் கிடந்தது. தொட முடியவில்லை.

பிரதீப்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். கதிரை விழுகிற சத்தத்தையும்.

"அக்கா, பேப்பர் க்ளியரா இருக்கு. நீங்க சொல்றது உங்க பில்டிங் விஷயம். இத வெச்சு நான் எப்படி நிறுத்துறது? நாளைக்கே கம்ப்ளெயின்ட் போட்டான்னா?"

"சந்தேகம் வந்தா விக்கவேண்டாம் எண்டு பயிற்சியில சொன்னவைதானே."

"குடிச்சுட்டு வர்றவன், உளர்றவன், அந்த மாதிரி சந்தேகம்."

"தம்பி, நீங்கள் குடுக்கிறதெண்டாக் குடுங்கோ. நான் குடுக்கமாட்டன்."

அவரைத் தம்பி என்று நான் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவர் வெளியே போய்ச் சுஜீதனிடம், "இன்னிக்கு குடுக்க முடியாதுங்க. எங்க பக்கம் ஒரு செக்கிங் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

சுஜீதன் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தார்.

"பரவாயில்லை அக்கா" என்றார். "ஒரே கட்டடந்தானே. காணுவம்."

ஏப்ரல் 11, வெள்ளி

பொலிசுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டேன். வினுஷாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

அவளைத் தனியாக, வேலையிடத்தில் வைத்து விசாரியுங்கள் என்று கெஞ்சினேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. பால்பொங்கல் பொங்கினேன். கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றபோது பொலிஸ் கார் வந்தது. வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

படியில் நின்று கேட்டேன். இரண்டு பேர். ஒரு பெண் பொலிஸ் வினுஷாவை நடைபாதைக்குக் கூட்டிவந்து மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவர் நின்றார். வினுஷா எல்லாவற்றுக்கும் "நோ" என்றாள். "நோ, ஹி இஸ் குட்." பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

பொலிஸ் போனபின் நிமிர்ந்து என்னைக் கண்டாள். அவள் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

கோயிலுக்குப் போகவில்லை. பொங்கல் அப்படியே கிடக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நான்தான் செய்தனான். நான்தான்.

வேலையால் வந்து மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றேன். கதிரை விழுந்தது. ரீவி போடவில்லை. இந்த முறை அவர் ரீவி போடவில்லை. எல்லாம் கேட்டது. "மேல் வீட்டுக்காரிக்கு என்னடி சொன்னனீ?" திரும்பத் திரும்ப அதுதான். அவள் "நான் ஒண்டும் சொல்லேல்லை, சத்தியமா ஒண்டும் சொல்லேல்லை" என்கிறாள். பிறகு ஒரு சத்தம். மரம் முறிந்த மாதிரி. பிறகு அவள் கத்தியது.

அவசர இலக்கம் ட்ரிபிள் சீரோவுக்குப் போன் அடித்தேன். விலாசம் சொல்ல வருகுதில்லை. தேவராஜா போனை வாங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு மடமடவென்று படியிறங்கிப் போய்க் கீழ்க் கதவை இடித்தார். அந்த மனுசன். நீர் ஆர் கேக்க என்று சொன்ன மனுசன். "திறவடா கதவை" என்று கத்திய குரல் எனக்குப் புதிது.

அம்புலன்ஸ் வந்தது. பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. வினுஷாவின் இடது கை முறிந்திருந்தது. தள்ளுகட்டிலில் என்னைக் கடந்து போனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கை முறிந்திராது.

வீட்டில் துவக்கு இருந்திருந்தால்? தெரியாது. எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோறும் இறைச்சிக்கறியும் கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்து இருந்தாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் உங்களைக் கேட்டனானோ அக்கா? வேண்டாம் எண்டுதானே சொன்னனான்."

"ஓம். சொன்னனீர்."

"அப்ப போங்கோ."

சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். தேவராஜா அதை எடுத்துப் பிரிட்ஜில் வைத்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து என்னை உட்காரவைத்துப் பேசினாள். சுஜீதனின் வழக்கறிஞர் கடைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறாராம். வாடிக்கையாளரின் விபரத்தை நான் சொந்தக் காரணத்துக்குப் பாவித்தேனாம். அதே வாயால், பொலிஸ் அவருடைய லைசென்ஸை நிறுத்திவிட்டது, ஆகவே விற்பனையும் ரத்து என்றாள். அப்படியென்றால் நான் செய்தது பிழையோ, சரியோ? இரண்டுக்கும் பதில் சொல்லாமல் தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

நாளையிலிருந்து சப்பாத்துப் பகுதி.

பிரதீப்குமார் கார் வரைக்கும் வந்தார். "அன்னிக்கு நான் எடுத்துக் குடுத்திருந்தேன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தூக்கம் இல்லை போல, முகத்தில் தெரிந்தது.

மே 18, ஞாயிறு

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டு ஒரு மேசையே பேச்சை நிறுத்தியது. ஒரு அன்ரி பக்கத்தில் வந்து, "ஒரு குடும்பத்தைப் பிரிச்சா அந்தப் பாவம் சும்மா விடாது பிள்ளை" என்றார். கேக் வெட்ட முன்னம் வந்துவிட்டோம்.

ஜூன் 7, சனி

கீழ் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். வினுஷா மெல்பேர்னில், மல்கிரேவில், ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். யாரோ சொல்லித்தான் தெரியும். என் போன் இலக்கத்தை அவள் தடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 2, புதன்

குளிர். ஒரு பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து எடுத்துக் கொடுத்தேன். தாய் நன்றி சொன்னாள். இன்று நடந்தது இவ்வளவுதான்.

ஓகஸ்ட் 20, புதன்

தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு போன். எடுத்தேன்.

"நான் வினுஷா. செப்டெம்பரில கேஸ். அவர் அடிக்கேல்லையாம், நான் குளியலறையில வழுக்கி விழுந்தனானாம். நீங்கள் கேட்டதை வந்து சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்."

"சரி." வைத்துவிட்டாள். சுகமோ என்று கேட்கக்கூட இடம் தரவில்லை.

தேவராஜாவிடம் சொன்னேன். "என்ன திகதி? நானும் லீவு போடுறன்" என்றார்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

பரமட்டா கோர்ட். சாட்சிகள் இருக்கும் அறையில் என்னை இருத்தினார்கள். தேவராஜா வெளியே. வினுஷா பிறகு வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கண்டுவிட்டு ஒரு கதிரை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துவிட்டது. கடைசியில் என்னைக் கூப்பிடவே இல்லை. நாங்கள் எல்லாரும் வந்திருக்கிறோம் என்று அறிந்து சுஜீதன் உள்ளே குற்றத்தை ஒத்துக்கொண்டாராம். தண்டனை பிறகு. அவளை நெருங்கக்கூடாது என்ற கட்டளை உடனேயே. அரச தரப்பு வழக்கறிஞரான பெண் வந்து சொல்லிவிட்டு, இருவரும் போகலாம் என்றாள்.

வினுஷா எழும்பவில்லை. இடது கையால் கைப்பையின் பட்டியைத் தூக்கப் பார்த்தாள். முழங்கை முழுதாக மடியவில்லை. வலது கைக்கு மாற்றினாள்.

"அக்கா, உங்களில எனக்கு இன்னும் கோவம் போகேல்லை."

"தெரியும்."

"போகுமோ தெரியாது."

"ஓம்."

வாசல்வரை வந்தோம். வெளியே தேவராஜா மழைக்கு ஒதுங்கி நின்றார். வினுஷா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

"பிளேனுக்கு இன்னும் நேரம் கிடக்கு. எங்கயாவது ஒரு தேத்தண்ணி குடிப்பமோ?"

மூன்று பேரும் தெருவைக் கடந்தோம்.