முப்பத்தெட்டு வினாடி

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அறிவித்தார். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ‘கர்த்தருக்குள் தன்னம்பிக்கை’ முகாம். நடத்துபவர் சகோதரி ஷோபனா. இந்தச் சபையில் ஒன்பது வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரைச் சொன்னதும் ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்மையாம். குனிந்தபடியே கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது இவர்களுக்கு. புருஷன் ஆன்சன் ஐ.டி.யில் வேலை. ஒரே பெண் பெனிஷா, ஏழாம் வகுப்பு. அந்தப் பிள்ளை பெயரில் ஒரு சேனல். வாரம் ஒரு வசனம், வாரம் ஒரு புது கவுன். பதினோராயிரம் பேர் பார்க்கிறார்களாம். பதினோராயிரம் பேருக்கும் வேறு வேலை இல்லை.

“கேமரா முன்னாடி பேசுற பிள்ளை எங்க போனாலும் பயமில்லாம பேசும் சிஸ்டர்” என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது பார்த்தது என் பெண் ஃபெபியை. அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காணிக்கைக் கவரின் பின்னால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது.

ஜூன் 15, ஞாயிறு

முகாம். பீடத்துக்கு முன்னால் வட்டமாக ஒரு விளக்கு, நடுவில் போன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, “நான் தேவனுக்கு விசேஷமான பிள்ளை, எனக்குப் பயமில்லை” என்று போனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகள். முப்பதும் ஒரே மாதிரி கையை விரித்தன, ஒரே மாதிரி பல்லைக் காட்டின. இதற்குப் பெயர் தன்னம்பிக்கை. கிளி பழக்குகிறவன்கூட இதைவிடக் கொஞ்சம் மெனக்கெடுவான்.

ஃபெபி முறை வந்தது. விளக்கு முன்னால் போய் நின்றாள். “எனக்கு வேணாம் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஷோபனா மைக்கிலேயே சொன்னாள், சில பிள்ளைகளுக்கு வீட்டில் ஊக்கம் குறைவாக இருக்கும், நாம் ஜெபிப்போம் என்று. முப்பது பிள்ளைகளும் கண்ணை மூடி என் வீட்டுக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடவில்லை.

கரையான்சாவடியில் எங்கள் வீடு வந்து சேரும்வரை ஃபெபியைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். பயமா என்றேன். இல்லை என்றாள். அப்புறம் என்ன?

“சொல்லத் தோணலம்மா.”

தோணவில்லையாம். மகாராணிக்குத் தோணவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பிரகாசத்திடம் சொல்லிப் பார்த்தேன். ஆவடி ஃபேக்டரியிலிருந்து வந்து காலை நீட்டிவிட்டால் இந்த மனுஷனுக்கு போன்தான் உலகம். “விடு சீலி” என்றார், தலையை நிமிர்த்தாமல். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன ஒரே ஆலோசனை இதுதான்.

ஜூன் 21, சனி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் ஃபெபியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், வெள்ளைச் சுவரருகே நிறுத்தி, ஒரு வசனம் சொல்லச் சொல்லி என் போனில் எடுத்தேன். பதினான்கு தடவை. சத்தமாக, நிமிர்ந்து, சிரித்துச் சொல்லு. பதினான்காவது தடவை அவள் வசனத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள், “இது யாருக்கும்மா? இயேசப்பாவுக்கா, ஷோபனா ஆன்ட்டிக்கா?”

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஷோபனாவைப் போல ஆவதற்கு எனக்கு ஒரு வாரம்தான் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்கு அவள் அளவு சாமர்த்தியம் போதாது. அது இன்னும் எரிச்சல்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்குத்தான் வேடிக்கை.

மத்தியானம் பெனிஷாவின் சேனலில் நேரலை. பன்னிரண்டு வசனங்களைப் பார்க்காமல் சொல்லப் போகிறாள் என்று ஒரு வாரமாகத் தண்டோரா. ஏழாவதில் பிள்ளை நின்றுவிட்டது. கண் பக்கவாட்டில் போகிறது. கேமராவுக்கு வெளியிலிருந்து ஷோபனா அடிக்குரலில் எடுத்துக்கொடுப்பது கேட்கிறது. பிள்ளைக்கு வரவில்லை. உதடு நடுங்குகிறது. உடனே ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது, நாலு தங்க வளையல் போட்ட கை. பெனிஷாவின் மேல்கையைப் பிடித்துக் கிள்ளியது. “சிரி” என்று ஒரு குரல். பிள்ளை சிரித்தது. கண்ணில் தண்ணீர் வழிய, பல் முழுக்கத் தெரியச் சிரித்தது.

முப்பத்தெட்டு வினாடி. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு பேபி அக்கா எனக்கு அனுப்பிவிட்டு உடனே போனும் பண்ணினாள். “இன்னா ஜெயசீலி, பாத்தியா கூத்த?”

நாலு தடவை பார்த்தேன். பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது. எங்கள் பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியைகளின் குரூப்பில் போட்டேன். மேலே ஒரு வரி எழுதினேன்: ‘தன்னம்பிக்கை வகுப்பு, பாகம் ஒன்று.’ பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். ஃபெபி என் தோள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் லேசாகச் சிரித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாம். ஃபெபியும் பெனிஷாவும் ஒரே பள்ளி. எட்டாம் வகுப்புப் பையன்கள் பாட்டெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம், என் ‘பாகம் ஒன்று’ என்ற வரியோடு. பெனிஷா நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

எங்கள் குரூப்பிலிருந்துதான் போயிருக்கும், இல்லையா என்று ஃபெபி கேட்டாள். உலகத்தில் எத்தனையோ போன் இருக்கிறது, போய் வீட்டுப்பாடம் எழுது என்றேன்.

ஜூலை 10, வியாழன்

ஷோபனா யார் பரப்பியது என்று வீடு வீடாக போன் போட்டுக் கேட்கிறாளாம். எனக்கும் வந்தது. எடுக்கவில்லை. ஊரெல்லாம் பார்க்கத்தானே வீடியோ போட்டாள்? இப்போது ஊர் பார்க்கிறது.

ஜூலை 11, வெள்ளி

என்ன எழுதுறது.

டியூஷன் ஆறு மணிக்கு முடியும். ஏழு ஆச்சு, ஃபெபி வரல. டியூஷன் மிஸ்ஸுக்குப் போட்டா, அவ இன்னிக்கு வரவே இல்லயேங்கிறாங்க. பிரகாசம் செகண்ட் ஷிப்ட். மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். அப்ப போன் வந்தது. ஷோபனா.

“உங்க பொண்ணு எங்க வீட்லதான் இருக்கா. வந்து கூட்டிட்டுப் போங்க.”

ஆட்டோ பிடிச்சுப் போனேன். அந்த ஃபிளாட்ல நான் கால் வெச்சது இதான் முதல் தடவை. ஷோபனா கதவைத் திறந்தா. தலை வாரல, கண்ணு வீங்கியிருக்கு. சோஃபா மூலைல பெனிஷா, இந்த வெயில்ல முழுக்கை சட்டை. பக்கத்துல என் பொண்ணு.

“அந்த வீடியோவ சர்ச் ஆளுங்களுக்கு அனுப்புனது நீங்கன்னு ஃபெபி சொல்றா. நீங்களா சிஸ்டர்?”

இல்லைன்னு சொன்னேன். ஆமா, பச்சையா பொய் சொன்னேன். பேபி அக்காதான் எல்லாருக்கும் அனுப்புனாங்க, எனக்கும் வந்துச்சு, நான் ஜெபிச்சேன்னு — ஜெபிச்சேன்னு வேற சொன்னேன்.

ஃபெபி எழுந்து நின்னா. கத்தல. அழல.

“இல்லம்மா. பேபி ஆன்ட்டி உனக்குத்தான் அனுப்புனாங்க. ‘பாகம் ஒன்று’ன்னு எழுதி குரூப்ல போட்டது நீ. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன். நான் சாரி சொல்லிட்டேன். நீயும் சொல்லிடு.”

பெத்த தாயை, அதுவும் அந்தப் பொம்பளை முன்னாடி. தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஃபெபி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். இவளையா பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன்?

ஜூலை 12, சனி

வேலைக்கு விடுப்பு. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இன்று யார் முகத்தையும் பார்க்க முடியாது.

ஃபெபி மேல் இருந்த கோபம் காலையில்தான் இறங்கியது. ஏன் போனாய் என்று கேட்டேன். வியாழக்கிழமை கிளாஸில் எல்லாரும் பெனிஷா மாதிரி சிரித்துக் காட்டினார்களாம். “நானும் சிரிச்சிருக்கேனேன்னு தோணிச்சும்மா. அதான் போனேன்.”

அங்கே போய் முதலில் என்ன சொன்னாய் என்றேன்.

“கை வலிக்குதான்னு கேட்டேன். சட்டையத் தூக்கிக் காட்டினா. இன்னும் பச்சையா கன்னிப் போயிருக்கு.”

நாலு தடவை பார்த்தேனே அந்த வீடியோவை. வளையலை எண்ணினேன். ஏழாவது வசனம் என்று எண்ணினேன். கிள்ளு வாங்கிய அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. ஒன்பது வருஷம் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுத்தவள்.

ஜூலை 13, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பாஸ்டர் வந்தார். டீ குடித்தார். சகோதரி கொஞ்ச நாள் வகுப்புக்கு ஓய்வு கொடுங்கள் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. முகாமுக்குக் கைதட்டியவர்களில் முதல் ஆள் இவர். வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். யாரையும் கேவலமாகப் பேசுகிற யோக்கியதை எனக்கு இந்த வாரம் இல்லை.

ஜூலை 19, சனி

குரூப்பில் போடுவதற்கு ஒரு மன்னிப்பு எழுதினேன். நாலு பத்தி. ஃபெபியிடம் காட்டினேன்.

படித்துவிட்டு, “‘யாராவது புண்பட்டிருந்தால்’னு ஏம்மா போட்டிருக்க? பெனிஷாதானே?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். ‘பிறர் அனுப்பியதை யோசிக்காமல்’ என்பதையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். கடைசியில் இருந்த வசனமும் வேண்டாமாம். “அது உனக்கு சப்போர்ட்டுக்கு வெச்ச மாதிரி இருக்கு.”

மிச்சம் மூன்று வரி. ‘பெனிஷாவின் வீடியோவை இங்கே போட்டதும் கேலி எழுதியதும் நான். ஷோபனா கேட்டபோது பொய் சொன்னேன். இரண்டும் தவறு, அழித்துவிடுங்கள்.’ அனுப்பினேன். ஷோபனாவுக்கும் தனியாக. பத்தொன்பது பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. சிரிக்க மட்டும் எத்தனை வேகம்.

ஜூலை 30, புதன்

பெனிஷா பள்ளிக்கு வருகிறாளாம். மத்தியானச் சாப்பாடு ஃபெபியோடு. சேனலில் மூன்று வாரமாக ஒன்றுமில்லை. ஷோபனாவிடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் பெனிஷா வந்தாள். ஃபெபி கூப்பிட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இரண்டும் உள்ளே தரையில் படுத்துக்கொண்டு கலர் பென்சிலோடு ஏதோ செய்துகொண்டிருந்தன. பெனிஷாவுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. பல் தெரியவில்லை; வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டருகே ஸ்கூட்டரில் ஷோபனா. மேலே வராமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். வெயிலுக்கும் மேக்கப் போட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு எனக்கே சலிப்பாக இருந்தது.

இறங்கிப் போனேன். மேலே வாங்க என்றேன்.

“இல்ல சிஸ்டர், இங்கயே இருக்கேன்.” என்னைப் பார்க்காமல், “நான் மேல வந்தா அவ சிரிப்ப நிறுத்திடுவா” என்றாள்.

மாடிக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டு நிழலில் போட்டேன். உட்கார்ந்தாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மேலே பிள்ளைகள் சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது.